படியும் ஆழாக்கும்: இணைய வேகத்திலும் அளவு நிறுவை உண்டு



அளவு நிறுவையில் நேர்மை என்றதும் நம் நினைவுக்கு வருபவை மளிகைக் கடைத் தராசு, மீன் சந்தை, நகைக்கடை, பெட்ரோல் பங்க் ஆகியவையே. ஜும்ஆ பயான்களில் சொல்லப்படும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் இவைதாம். ஆனால் இன்று நம் சமுதாயத்துப் பிள்ளைகளில் பலர் கணினித் துறையில் இருக்கின்றனர். அவர்கள் கையில் தராசும் இல்லை, படியும் இல்லை. ஆகவே அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் விடுக்கும் எச்சரிக்கை தங்கள் தொழிலுக்குப் பொருந்தாது என்று அவர்கள் எண்ணிவிடக்கூடும். அது பொருந்தும் என்பதை எங்கள் வேலையில் நாங்கள் கண்ட ஒரு நிகழ்வின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியுமாகிய இருவர். ஊர் ஆறுமுகநேரி. பக்கத்தில் காயல்பட்டினம், சுற்றிலும் உப்பளங்கள். இருவரும் ஒரே நிறுவனத்திற்கு வீட்டிலிருந்தபடியே பணிபுரிகிறோம். ஒருவர் நிரல் எழுதுபவர். மற்றவர் எழுதிய நிரலைச் சோதிப்பவர். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பிறருக்குக் கணினிகளை மாத வாடகைக்கு விடுவது அதன் தொழில் என்பதே போதும்.

ஒரு கட்டடத்தில் பல குடித்தனம்

வாடகைக்கு விடப்படும் அக்கணினிகளைக் கையால் தொட முடியாது. ஒரு பெரிய சர்வரை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறையையும் ஒரு தனிக் கணினியைப் போல இயங்கச் செய்வர். இதனை மெய்நிகர் கணினி என்பர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த ஸென், 2007இல் லினக்ஸின் உள்ளேயே சேர்க்கப்பட்ட கேவிஎம் ஆகியவை இவ்வாறு தடுத்துக் கொடுக்கும் மென்பொருள்களுள் புகழ்பெற்றவை.

ஒரு கட்டடத்தில் பத்துக் குடித்தனங்கள் இருந்தால், மேலே ஒரே தண்ணீர்த் தொட்டிதான் இருக்கும். ஒரு வீட்டார் நாள் முழுவதும் குழாயைத் திறந்து வைத்தால் மற்ற ஒன்பது வீடுகளும் வறண்டுபோகும். மெய்நிகர் கணினிகளிலும் இப்படித்தான். வெளியே செல்லும் இணையப் பாதை ஒன்றே. அதை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எனவே ஒவ்வொரு கணினிக்கும் இவ்வளவு வேகம் என்று ஒரு வரம்பு வைக்கப்படுகிறது. இவ்வரம்பைச் சிலர் கஞ்சத்தனம் என்று நினைக்கின்றனர். உண்மையில் அது அண்டை வீட்டாரின் ஹக்கைக் காக்கும் வேலி.

வாடிக்கையாளர் கேட்ட திட்டத்தை மேலாண்மை மென்பொருள் குறித்துக்கொள்ளும். அதைக் கீழே உள்ள ஸென்னுக்கோ கேவிஎம்முக்கோ புரியும் கட்டளையாக மாற்றிச் சொல்லும் பகுதிக்கு டிரைவர், அதாவது இயக்கி, என்று பெயர். இரண்டு மொழி பேசுவோருக்கு இடையே நிற்கும் துபாஷியைப் போன்றது அது. துபாஷி ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் இரு தரப்பாரும் நேர்மையாளர்களாக இருந்தாலும் வியாபாரம் கெட்டுப்போகும்.

மடையும் வாளியும்

வேகத்திற்கு வரம்பு வைப்பது எவ்வாறு? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால்வாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குளத்து மடையை எவ்வளவு திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. கணினியில் மடைக்குப் பதிலாக ஒரு கற்பனை வாளி இருக்கிறது. அந்த வாளியில் ஒவ்வொரு நொடியும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வில்லைகள் விழுந்துகொண்டிருக்கும். தகவல் வெளியே செல்ல வேண்டுமானால் தன் அளவுக்கேற்ற வில்லைகளைக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். வில்லை தீர்ந்துவிட்டால் அந்தப் பொட்டலம் காத்திருக்கும், அல்லது தூக்கி எறியப்படும்.

இதில் இரண்டு எண்கள் முக்கியமானவை. நொடிக்கு எத்தனை வில்லைகள் விழும் என்பது முதலாவது; அதுவே வேகம். வாளி எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது. சற்று நேரம் சும்மா இருந்த கணினி, திடீரென்று எவ்வளவு தகவலை ஒரே மூச்சில் அனுப்பலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. பின்னர் வரப்போகும் சிக்கல்கள் இரண்டும் இவ்விரு எண்களில்தாம் ஒளிந்திருந்தன.

ஐம்பது நிமிட வேலை

எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் ஒருவர் ஸ்கேன் மையம் நடத்துபவர். நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் அவருடைய மெய்நிகர் கணினியில் சேரும். பாதுகாப்புக்காக அவற்றின் நகல் நள்ளிரவு 12 மணிக்கு வேறோர் இடத்திற்கு அனுப்பப்படும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 ஜிகாபைட். அவர் பணம் கட்டியிருந்த திட்டம் நொடிக்கு 80 மெகாபிட். அந்த வேகத்தில் இந்த நகலெடுப்பு 50 நிமிடங்களில் முடிந்துவிடும். முன்பெல்லாம் அப்படித்தான் முடிந்துகொண்டிருந்தது.

நிறுவனம் தன் சர்வர்களை ஸென்சர்வரிலிருந்து கேவிஎம்முக்கு மாற்றிய பிறகு அதே வேலை காலை 6:40 வரை நீண்டது. மையம் திறந்து நோயாளிகள் வரிசையில் அமர்ந்திருக்கும்போதும் பின்னணியில் நகலெடுப்பு ஓடிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அவர் மூன்று முறை புகார் அளித்தார். உங்கள் மென்பொருளைச் சரிபாருங்கள், உங்கள் ஊர் இணைய இணைப்பைச் சரிபாருங்கள் என்ற விடையே மூன்று முறையும் சென்றது. மாதக் கட்டணம் மட்டும் நாள் தவறாமல் வசூலாகிக்கொண்டிருந்தது.

நான்காவது புகார் எங்களிடம் வந்தது. ஸ்கேன் மையத்தின் கணினியை நாங்கள் தொடவில்லை. அதே திட்டத்தில் புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி, அதிலிருந்து வெளியே தகவல் அனுப்பி வேகத்தை அளந்தோம். எத்தனை முறை அளந்தாலும் நொடிக்கு 10 மெகாபிட்டை அது தாண்டவில்லை. பழுதான கம்பியோ நெரிசலோ காரணமாக இருந்தால் வேகம் ஏறியிறங்கும். இது சுவரில் முட்டியதைப் போல ஒரே இடத்தில் நின்றது. 80க்குப் பதில் 10. எட்டில் ஒரு பங்கு. கணினித் துறையில் எட்டு என்ற எண் எங்கேனும் தலைகாட்டினால், பிட்டும் பைட்டும் இடம் மாறியிருக்கின்றன என்பது முதல் ஐயம்.

ஒரே பெயர், இரண்டு அளவு

பிட் என்பது கணினித் தகவலின் மிகச் சிறிய அலகு. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய வெர்னர் புக்ஹோல்ட்ஸ் 1956இல் பைட் என்ற சொல்லை உருவாக்கினார். பிட் என்ற சொல்லோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே ஆங்கில எழுத்துக்கூட்டலை அவர் வேண்டுமென்றே மாற்றியமைத்தார். ஆனாலும் குழப்பம் இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

இதை எங்கள் வாப்பும்மாவுக்கு விளக்க முயன்றபோது அவர் சற்றும் வியப்படையவில்லை. "எட்டு ஆழாக்குச் சேந்தா ஒரு படி, எட்டுப் படி சேந்தா ஒரு மரக்கால். இதுல புரியாம என்ன இருக்கு வாப்பா? படின்னு காசு வாங்கிட்டு ஆழாக்கால அளந்து போட்டிருக்காங்க, அவ்வளவுதானே" என்றார். நாங்கள் பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கையின் சாரம் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

நடந்தது இதுதான். பழைய ஸென்சர்வரில் வேக வரம்பைக் குறிக்கும் எண்ணின் பெயர் கேபிபிஎஸ். அந்தப் பெயரைக் கண்டால் நொடிக்கு இத்தனை கிலோபிட் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அங்கே அதன் பொருள் நொடிக்கு இத்தனை கிலோபைட். அதன் கையேடும் அவ்வாறே சொல்கிறது. ஆகவே 80 மெகாபிட் திட்டத்திற்கு 10,000 என்ற எண் எழுதப்பட்டிருந்தது. அது சரியான எண்.

புதிய ஏற்பாட்டில் கேவிஎம் கணினிகளின் இணையப் போக்குவரத்தை ஓபன் விஸ்விட்ச் என்ற மென்பொருள் கையாள்கிறது. அதிலும் வரம்புக்கான அலகு கேபிபிஎஸ் என்றே குறிக்கப்படுகிறது. ஆனால் அங்கே அது உண்மையாகவே கிலோபிட். இடம் மாற்றும்போது நிறுவனத்தின் இயக்கி அந்த 10,000ஐ அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டது. பெயரும் எண்ணும் மாறாமல் இருக்க, அளவு மட்டும் எட்டில் ஒன்றாகச் சுருங்கியது. எந்தத் திரையிலும் பிழைச் செய்தி வரவில்லை. கட்டளை ஏற்கப்பட்டது, வரம்பு பொருத்தப்பட்டது, எல்லாம் பச்சை விளக்கு.

இந்தக் குழப்பம் இங்கே மட்டும் இருப்பதன்று. லினக்ஸில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிசி என்ற கட்டளையிலும் கேபிபிஎஸ் என்றால் கிலோபைட். கிலோபிட் வேண்டுமானால் கேபிட் என்று எழுத வேண்டும். லிப்வர்ட் என்ற மேலாண்மை நிரலிலும் சராசரி வேகம் கிலோபைட்டில்தான் கேட்கப்படுகிறது. ஒவ்வொன்றின் கையேடும் தத்தம் அலகைத் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே அவற்றின்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. இரு ஊர்களின் மரக்கால்கள் வேறு வேறு என்று தெரிந்த வியாபாரி, சரக்கை மாற்றும்போது அளந்து பார்ப்பான். இங்கே அளந்து பார்ப்பவர் எவரும் இல்லை.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. அதை ஒழுங்குபடுத்தவே 1956இல் எடையளவுகள் சட்டம் வந்து மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. இன்று 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நடப்பில் உள்ளது. கடைத் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று நாம் பார்க்கலாம். மெய்நிகர் கணினியின் மடையில் அப்படி ஒரு முத்திரை கிடையாது. அதைத் திறந்து பார்க்கக்கூடியவர்கள் எங்களைப் போன்ற சில ஊழியர்கள் மட்டுமே. எனவே அங்கே முத்திரை என்பது ஊழியரின் தக்வாதான்.

திருத்தம்

திருத்தம் முதலில் ஒரே வரியாகத் தோன்றியது: பழைய எண்ணை எட்டால் பெருக்கிக் கொடுத்தால் போதும். 10,000 என்பதை 80,000 ஆக்கி மீண்டும் அளந்தோம். வேகம் கூடியது, ஆனால் 80ஐ எட்டவில்லை. பாதியளவில் தள்ளாடியது.

இங்கேதான் இரண்டாவது எண், அதாவது வாளியின் அளவு, குறுக்கிட்டது. இயக்கியில் அது மிகச் சிறிய எண்ணாக எழுதப்பட்டிருந்தது. வாளி சிறிதாக இருந்தால் வில்லைகள் நிரம்பி வழிந்து வீணாகும். தகவலோ தொடர்ந்து ஒரே சீராக வருவதில்லை. கொத்துக் கொத்தாக வரும். ஒரு கொத்து வந்ததும் வாளி காலியாகி, மீதிப் பொட்டலங்கள் எறியப்படும். பொட்டலம் தொலைவதைக் கண்டதும் அனுப்பும் கணினி, பாதையில் நெரிசல் என்று கருதித் தன் வேகத்தைத் தானே வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்லவே ஏற்றும். டிசிபி என்னும் இணைய நெறியின் இயல்பு இது. ஆகவே வரம்பு 80 என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து 2010இல் தொடங்கிய ஓபன்ஸ்டாக் திட்டத்தின் ஆவணங்களில் இதற்கு ஒரு வழிகாட்டல் உண்டு. இத்தகைய போக்குவரத்திற்கு வாளியின் அளவை வரம்பு எண்ணின் 80 விழுக்காடாக வைக்கலாம் என்று அது பரிந்துரைக்கிறது. அதன்படி வாளியை 64,000 கிலோபிட் ஆக்கினோம். வேகம் 80ஐ நெருங்கி நிலைத்தது. பிறகு அண்டைக் கணினிகளையும் ஒரே நேரத்தில் இயக்கி, ஒருவருக்கு நிறைத்துக் கொடுத்ததால் மற்றவருக்குக் குறைகிறதா என்றும் அளந்தோம். குறையவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

எண் சரியாக எழுதப்பட்டிருப்பதும் அளவு சரியாகக் கிடைப்பதும் வேறு வேறு என்பதை இந்த இரண்டாவது சிக்கல் எங்களுக்குக் காட்டியது. படி சரியானதாக இருந்தாலும், தலை தட்டி ஊற்றும் கை சரியாக இருக்க வேண்டும்.

'மேம்பாடு' என்ற சொல்

கடினமான பகுதி இதன் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு திருத்தமும் வெளியாகும்போது வாடிக்கையாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புவது வழக்கம். எங்கள் மேலாளர் அக்குறிப்பை எழுதி அனுப்பினார்: இணைய வேகத்தில் மேம்பாடு செய்யப்பட்டுள்ளது. அவ்வளவே. இடம் மாற்றப்பட்ட எல்லாக் கணினிகளும் பல மாதங்களாகப் பணம் கட்டிய அளவில் எட்டில் ஒரு பங்கையே பெற்றுவந்தன என்பது அதில் இல்லை. மாறாக, நிறுவனம் ஏதோ கூடுதலாகக் கொடுப்பது போன்ற தோற்றம் அதில் இருந்தது.

அவர் கெட்ட மனிதர் அல்லர். புகார் செய்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றை எதற்குக் கிளற வேண்டும் என்பது அவருடைய வாதம். உலகில் பல அலுவலகங்களில் இவ்வாதம் ஏற்கப்படும்.

எங்களால் ஏற்க முடியவில்லை. உப்பளப் பகுதியில் வாழ்வோர்க்கு ஈர உப்பின் எடை தெரியும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் தராசு பொய் சொல்லாது. ஆனால் வாங்குபவர் தண்ணீருக்கும் விலை கொடுப்பார். மதீனாவின் அங்காடியில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டறிந்த செய்தி அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மழை பெய்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்த பகுதியை மக்கள் காணுமாறு மேலே வைக்காமல் உள்ளே மறைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார். எங்கள் நிலையும் அதுவே என்று தோன்றியது. எண் மாறிப்போனது மழையைப் போன்றது. மேம்பாடு என்று எழுதுவது ஈரத்தை உள்ளே தள்ளுவது.

அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அங்கே கண்டிக்கப்படுவோர் வெறுமனே குறைத்துக் கொடுப்போர் அல்லர். தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்போர். நிறுவனத்தின் கட்டணப் பிரிவு வாடிக்கையாளர் ஒருநாள் தாமதித்தாலும் கண்டுபிடித்துவிடும். அந்தக் கணக்கில் ஒரு பைசாவும் தவறியதில்லை. கொடுக்கும் பக்கத்து அளவைத்தான் எவரும் அளந்து பார்க்கவில்லை. வாங்கும் தராசில் காட்டிய அக்கறை கொடுக்கும் தராசில் இல்லாமற்போனதே இங்கே நோய்.

இருவரும் பல இரவுகள் பேசினோம். இருவரின் ஊதியமும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. அழுத்திப் பேசினால் இருவருடைய வேலையும் ஒன்றாகப் போகலாம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெரியவர்களின் மருத்துவச் செலவு எல்லாம் கண்முன் நின்றன. ஆனால் அந்தக் குறிப்பில் நாங்கள் சோதித்துச் சான்றளித்ததாகவும் ஒரு வரி இருந்தது. சான்று என்பது ஷஹாதத் அல்லவா?

எங்கள் மஹல்லாவின் ஹஸ்ரத்திடம் சென்று, நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விவரத்தை மட்டும் சொன்னோம். கிலோபிட்டும் கிலோபைட்டும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆழாக்கும் படியும் போதுமானதாக இருந்தது. அவர் சொன்னதன் சுருக்கம் இது: அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமையில் குறை வைத்தவர் தவ்பா செய்து மீளலாம். அடியார்களின் ஹக்கில் குறை நேர்ந்தால் தவ்பா மட்டும் போதாது. உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் அறிந்து மன்னிக்க வேண்டும். மன்னிக்க வேண்டுமானால் அவருக்கு முதலில் தெரிய வேண்டும். கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. ஆனால் அறிந்திருந்தும் பொய்யான சான்றில் கையெழுத்திடாமல் இருப்பதும், உண்மையை உரிய முறையில் எடுத்துச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. வெளியே போய்த் தூற்றிக்கொண்டு திரியவும் வேண்டாம் என்றார்.

இது எங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை. இதுபோன்ற நிலையில் இருப்பவர்கள் தங்கள் ஊர் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுவதே முறை.

நடந்தவை

மேலாளருக்கும் அவருக்கு மேலுள்ளவருக்கும் ஒரு கடிதம் எழுதினோம். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எந்தெந்தக் கணினிகள், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, விற்ற வேகம் எவ்வளவு, கிடைத்த வேகம் எவ்வளவு என்ற பட்டியல் மட்டும் இருந்தது. இறுதியில் ஒரு வேண்டுகோள்: குறிப்பில் மேம்பாடு என்ற சொல் இருக்குமானால் எங்கள் சான்று வரியை எடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரங்கள் விடை இல்லை. அந்த இரண்டு வாரங்களும் எளிதாகக் கழியவில்லை. பிறகு வந்த குறிப்பில், சில கணினிகளில் வேக வரம்பு திட்டத்தைவிடக் குறைவாகப் பொருத்தப்பட்டிருந்தது என்றும் இப்போது திருத்தப்பட்டுவிட்டது என்றும் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் அடுத்த மாதங்களின் கட்டணத்தில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. முழுத் தொகையும் கழிக்கப்படவில்லை. அதற்குள் சேவையை விட்டு விலகிப்போனவர்களுக்கு மின்னஞ்சல் மட்டும் சென்றது. அவர்களில் பலரிடமிருந்து விடை இல்லை. ஸ்கேன் மையத்துக்காரர் மட்டும் எழுதியிருந்தார்: இப்போது 12:50க்கு முடிந்துவிடுகிறது; எங்கள் பக்கம் தவறில்லை என்று தெரிந்ததே நிம்மதி.

மூன்று முறை அவரிடம் உங்கள் பக்கம் பாருங்கள் என்று சொல்லப்பட்டதல்லவா? பணத்தைவிட அதுதான் அவருக்கு வலித்திருக்கிறது. அளவில் குறைத்தவர் பொருளை மட்டும் எடுப்பதில்லை. வாங்கியவர் தன்னையே சந்தேகிக்கும்படி செய்துவிடுகிறார்.

கற்றவர்களுக்கும் வீட்டாருக்கும்

இத்துறையில் இருக்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். நிரலில் எந்த எண்ணை எழுதினாலும் அதன் அலகையும் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். வேகம் என்று மட்டும் எழுதாமல் வேகம், நொடிக்குக் கிலோபிட் என்று எழுதுங்கள். ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கு எண் கடக்கும் இடத்தில் நின்று மாற்றுங்கள். அங்கேதான் மரக்கால் மாறுகிறது. கட்டளை ஏற்கப்பட்டதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், வாடிக்கையாளர் இருக்கும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள். அவர் கையில் சேர்ந்ததே அளவு.

வீட்டாருக்கும் இதில் பயன் உண்டு. உங்கள் வீட்டு இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் அது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். கோப்பு இறக்கும் திரை பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுவதால் 11 அல்லது 12 என்று தெரியும். அதைக் கண்டு, நூறு என்று சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று கம்பி இழுத்துக் கொடுத்த தம்பியைத் திட்டிவிடாதீர்கள். அவர் சரியாகவே அளந்திருக்கிறார். அரசின் அளவும் பிட்டில்தான்: அகன்ற அலைவரிசை என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2004இல் 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023இல் 2 மெகாபிட் என்று உயர்த்தப்பட்டது. ஆனால் திரையில் 12க்குப் பதிலாக நாள்தோறும் 1 அல்லது 2 மட்டுமே தெரிந்தால், எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். அறியாமல் அவதூறு சொல்வதும் கூடாது. அறிந்தபின் உரிமையை விட்டுவிடவும் தேவையில்லை.

அளவை நிறைத்தல் நம் மார்க்கத்தில் சிறிய செய்தி அன்று. மத்யன் மக்களிடம் ஷுஐப் (அலை) அவர்கள், அல்லாஹ்வை மட்டுமே வணங்குங்கள் என்று அழைத்த உடனேயே அளவையும் நிறுவையையும் பற்றித்தான் பேசினார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கே அளவையில் மிகவும் குறை இருந்தது என்றும், அதைக் கண்டிக்கும் வசனங்கள் இறங்கியபின் அம்மக்கள் தங்கள் அளவையைத் திருத்திக்கொண்டனர் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக இப்னு மாஜாவில் வந்துள்ளது. திருந்திக்கொள்ளலாம் என்பதே அச்செய்தியில் எங்களுக்குக் கிடைத்த ஆறுதல். ஓர் ஊரின் அங்காடியே திருந்தியது என்றால், ஓர் அலுவலகம் திருந்தாதா?

விலகிப்போன அந்த வாடிக்கையாளர்களின் பட்டியல் இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதை நிறுவனத்திற்கு நினைவூட்டுவது என்று நிய்யத் வைத்திருக்கிறோம். படியால் விற்றதைப் படியாலேயே அளந்து கொடுக்கும் நல்லுள்ளத்தையும், எவரும் பாராத இடத்திலும் அவன் பார்க்கிறான் என்ற அச்சத்தையும், ஹலாலான உழைப்பில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.